பன்னிரண்டு துண்டு வட்டம்

ரமளான் இரவுகளில் சஹர் நேரத்துக்குத் தெருத்தெருவாக வந்து, தாயிரா தட்டிப் பாடி, உறங்குவோரை எழுப்பும் பக்கீர் பாவாக்களை நம் வாசகர்களில் நடுவயதைக் கடந்தவர்கள் நன்கு அறிவார்கள். இன்று கைப்பேசி எழுப்பிவிடுகிறது. அதற்கும் எழாதவர்களைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி எழுப்பிவிடுகிறது. ஆயினும் நாகப்பட்டினம் கடற்கரையை ஒட்டிய எங்கள் ஊருக்கு ஒரு பாவா மட்டும் இன்னமும் வந்துகொண்டிருக்கிறார். அவருக்கு முன் அவருடைய தகப்பனார் வந்தார். அந்தத் தகப்பனாரின் கையிலிருந்த தாயிராவுக்கு 1988-ஆம் ஆண்டில் மரவளையம் செய்து கொடுத்தவர் என்னுடைய வாப்பா.

தாயிரா என்ற அரபுச் சொல்லுக்கு வட்டம் என்பதே பொருள். ஏறக்குறைய ஓரடி அகலமுள்ள ஒரு மர வட்டம். அதன் ஒரு முகத்தில் மட்டும் ஆட்டுத்தோல் போர்த்தியிருக்கும். தஃப் என்றும் தப்ஸ் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும். அதைத் தட்டுவது கூடுமா கூடாதா என்பதில் ஆலிம்களிடையே உள்ள கருத்து வேற்றுமையை இக்கட்டுரையில் அலசும் எண்ணம் எனக்கில்லை. மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறையவே உண்டு. ஆனால் இங்கே நான் எழுத வந்தது அந்த வட்டத்தை ஒட்டவைத்த கதையை. அக்கதையில் ஒரு பொய் இருக்கிறது. அது நான் சொன்ன பொய்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தச்சுவேலைதான். கதவு, நிலை, கட்டில், மையத்துக்குக் குளிப்பாட்டும் பலகை, பிள்ளைகள் குர்ஆன் வைத்து ஓதும் ரைஹால் என்று வாப்பாவின் கைபடாத வீடு எங்கள் மஹல்லாவில் குறைவு. பன்னிரண்டு வயது வரை நானும் இழைப்புளி பிடித்தவனே. அதன்பின் பள்ளிப்படிப்பு, கல்லூரியில் வரலாற்றுப் பாடம், பிறகு மதரஸா என்று என் வழி திரும்பிவிட்டது. மதரஸாவில் கிடைக்கும் சம்பளத்தைக் கொண்டு மாதத்தின் கடைசி வாரத்தை எட்டிப் பிடிக்க இயலாத காரணத்தால், விடுமுறை நாட்களில் சிறு சிறு மரவேலைகள் செய்து கொடுப்பதுண்டு. ஆகவே, தெரியாதவன் என்று என்னைச் சொல்வதற்கில்லை. அரைகுறையாகத் தெரிந்தவன் என்பதே சரி. ஆபத்தும் அதில்தான் இருந்தது.

2023-ஆம் ஆண்டு, ஷஅபான் மாதத்தின் ஒரு மாலை. பாவா தம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் திண்ணை ஓரம் நிறுத்தினார். வாய்க்கால் மதகில் சைக்கிள் சாய்ந்து விழுந்ததில் தாயிரா கல்லில் மோதிவிட்டதாம். துணிப்பைக்குள்ளிருந்து அவர் எடுத்துக் காட்டியபோது வளையத்தில் ஒரு துண்டு நெடுக்காகப் பிளந்து, அதன் இருபுறமும் இருந்த ஒட்டுகள் விட்டுப்போயிருந்தன. தோல் கிழிந்து தொங்கியது.

வாப்பா அப்போது எழுபத்தெட்டு வயதில் திண்ணையோடு திண்ணையாக இருந்தார். பக்கவாதம் வந்து போனதிலிருந்து வலக்கை நடுங்கும். தேநீர்க் குவளையைக்கூட இரு கைகளாலும் பிடித்தே குடிப்பார். அந்த வளையத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

“நானா, ரமளானுக்கு மூன்று வாரம்கூட இல்லை. நீங்கள் வைத்த ஒட்டு, உங்களிடமே கொண்டுவந்தேன்” என்றார் பாவா.

“என் கையை நீதான் பார்க்கிறாயே. அஜரத்து செய்து கொடுப்பான்” என்று வாப்பா என்னைக் காட்டினார். மகனை அவர் ‘அஜரத்து’ என்று குறிப்பிடுவது பிறர் முன்னிலையில் மட்டும்தான். அதில் கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் கேலியும் கலந்திருக்கும்.

பழைய வளையத்தைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாகச் செய்வதே மேல் என்று முடிவாயிற்று. இவ்விடத்தில் வேலையைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. மிருதங்கம் போன்றவற்றைப் பலாமரத்தின் ஒரே கட்டையைக் குடைந்து செய்வார்கள். ஓரடி அகல வளையத்தை அவ்வாறு குடைவதென்றால் அதைவிடப் பருத்த அடிமரம் வேண்டும். குறுக்கே அறுத்த வட்டம் காயக் காய வெடிப்பதும் உண்டு. அதனால் வாப்பா 1988-இல் செய்தது வேறு முறை. நிலைக்கதவு வேலையில் மிஞ்சிய பலாப் பலகையைச் சிறு துண்டுகளாக அறுத்து, பீப்பாய்க்குப் பலகை சேர்ப்பதுபோல் பக்கத்தில் பக்கம் நிறுத்தி ஒட்டினார். துண்டுகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் நான்கு அங்குல உயரம், எட்டு சென்டிமீட்டர் அகலம், இரண்டு சென்டிமீட்டர் கனம். மரத்தின் இழை மேலிருந்து கீழாக ஓட வேண்டும். அப்போதுதான் ஒட்டும் முகங்கள் இழையின் பக்கவாட்டாக அமையும். இழையின் குறுக்குவெட்டு முகமோ உறிஞ்சுகுழல்களின் கட்டு போன்றது. தடவிய பசையையெல்லாம் உள்ளே குடித்துவிட்டு ஒட்டாமல் நிற்கும்.

பன்னிரண்டு துண்டுகளுக்கு இருபத்துநான்கு ஓரங்கள். வட்டத்தின் 360 பாகையை இருபத்துநான்கால் வகுத்தால் ஓர் ஓரத்துக்குப் பதினைந்து பாகைச் சாய்வு. கணக்கு இவ்வளவே. ஆனால் ஓர் ஓரத்தில் கால் பாகை குறைந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால், இருபத்துநான்கு முறை சேர்ந்து ஆறு பாகையாகக் கடைசி ஒட்டில் வந்து நிற்கும். பிழை எங்கே செய்தோமோ அங்கே தெரியாது. எல்லாம் முடியும் இடத்தில் மொத்தமாகத் தெரியும்.

பழைய வீடொன்றை இடித்த இடத்தில் நல்ல பலாப் பலகை கிடைத்தது. மதரஸா விட்டதும் மாலை நேரங்களில் அறுத்து இழைத்தேன். சாய்வு பார்க்கும் மட்டத்தைப் பதினைந்தில் நிறுத்தியிருந்தேன். அதன் திருகு சற்றுத் தளர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பன்னிரண்டு துண்டுகளும் ஆனபின் பசையின்றி நிறுத்திச் சேர்த்துப் பார்த்தேன். பதினொரு சேர்க்கைகள் கச்சிதமாக இருந்தன. பன்னிரண்டாவது உட்புறம் தொட்டுக்கொண்டு வெளிப்புறம் வாய் திறந்திருந்தது. ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி.

அன்று ஷஅபான் இருபதைத் தாண்டியிருந்தது. மதரஸாவில் ஆண்டுத் தேர்வு. திருத்த வேண்டிய தாள்கள் ஒரு கட்டு. திரும்பவும் இருபத்துநான்கு ஓரங்களை இழைப்பதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. கயிறு போட்டு முறுக்கிப் பார்த்தேன். என்ன ஆச்சரியம்! அந்த வாய் மூடிக்கொண்டது. வெளிப்புறம் சுற்றிய கயிறு இறுக இறுக, திறந்திருந்த ஓரம் நெருங்கி நெருங்கி மயிரிழையாகி மறைந்தது. கயிறு இருக்கும்போது கவலை என்ன என்று தோன்றிற்று.

அப்போதுதான் திண்ணையிலிருந்து வாப்பா கேட்டார்: “தம்பி, பசை தடவுமுன் வெறுமனே சேர்த்துப் பார்த்தாயா? ஒளி தெரிகிறதா?”

“பார்த்தேன் வாப்பா. நன்றாகச் சேருகிறது” என்றேன்.

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இரவோடு இரவாக ஒட்டினேன். வெள்ளைப் பசை, நம் ஊரில் எந்த நிறுவனத்துடையதாயினும் ஃபெவிகால் என்றே அழைக்கப்படும் அந்தப் பசை, வெயில் காலத்தில் தடவிய ஐந்து பத்து நிமிடங்களில் மேலே ஆடை கட்டத் தொடங்கிவிடும். அதற்குள் இருபத்துநான்கு முகங்களுக்கும் தடவி, நிறுத்தி, கட்டிவிட வேண்டும். முதலில் இரண்டு இரும்புக் கிளாம்புகளைக் குறுக்கே போட்டேன். தட்டையான வாயுள்ள கிளாம்பு பலகை ஒட்டுவதற்கு ஏற்றது. வட்டத்தின் மீது அது எங்கே பிடிக்கும்? இரண்டு இடத்தில் மட்டும் அழுத்தி வளையத்தைக் கோழிமுட்டையாக்கிற்று. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுக் கயிற்றுக்குத் திரும்பினேன். கயிற்றுக்குள் குச்சி செருகி முறுக்கினேன், முறுக்கினேன், கை வலிக்கும் வரை முறுக்கினேன். அந்தக் கடைசி ஒட்டில் மட்டும் இருந்த நூலளவு பிளவில் பசையோடு மரத்தூளைக் குழைத்து அப்பினேன். காலையில் கயிற்றை அவிழ்த்தபோது வளையம் வளையமாகவே நின்றது. உருட்டி இழைத்து, உப்புத்தாள் போட்டு, மெருகெண்ணெய் பூசியபின் அந்த ஒட்டு எது என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

வாப்பா வாங்கிப் பார்க்கவில்லை. “நீ பார்த்தால் போதும்” என்றார். பாவா வந்து வாங்கிச் சென்று, ஊறவைத்த தோலை இழுத்து ஆணியடித்துக் காயவைத்தார்.

அடுத்த நாள் மதரஸாவில் ஒரு பையன் முந்தைய நாள் பாடத்தை வீட்டில் ஓதிவிட்டதாகச் சொன்னான். ஓதவில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. இத்தகைய நேரங்களில் பொய்யைப் பற்றி நான் நீண்ட உபதேசம் செய்வது வழக்கம். அன்று, “போய் ஓதிவிட்டு வா” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அஜரத்துக்கு உடம்பு சரியில்லை என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

ரமளான் பிறந்தது. முதலிரண்டு சஹரிலும் தாயிரா ஒலி தெருவைக் கடந்து போயிற்று. உண்மையில் நல்ல ஒலி. எனக்கு மனம் லேசாயிற்று. மூன்றாம் இரவு கடற்காற்றில் ஈரம் மிகுந்திருந்தது. ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும். நெருப்பருகே காட்டிக் காயவைத்தால்தான் குரல் எழும். பாவா வழக்கம்போல் தேநீர்க் கடை அடுப்பின் ஓரம் தாயிராவைப் பிடித்திருக்கிறார்.

நான் சஹருக்கு எழுந்தபோது வாப்பா ஏற்கெனவே விழித்துப் படுத்திருந்தார். தெருக்கோடியில் பாவாவின் குரல் கேட்டது. குரல் மட்டும். தாளம் இல்லாத அந்தப் பாட்டு, நடக்கத் தடியின்றி வருகிற கிழவரைப்போல் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. வாப்பா ஒன்றும் சொல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஜ்ர் தொழுகைக்குப்பின் பாவா வந்தார். கையில் வாய் பிளந்த வளையம். “தப்பு என்னுடையதுதான் அஜரத்து. நெருப்புக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோய்விட்டேன்” என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லியிருந்தால்கூட நான் ஏதாவது சமாதானம் கூறியிருப்பேன்.

வாப்பா வளையத்தை வாங்கினார். பிளந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தால் நெருடினார். காய்ந்த பசையோடு மரத்தூள் பொருக்காக உதிர்ந்து அவருடைய வெள்ளைச் சாரத்தின்மீது விழுந்தது. அதைத் தட்டிவிடவும் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

“வாப்பா, அன்று வெறுமனே சேர்த்துப் பார்த்தபோதே இந்த இடத்தில் ஒளி தெரிந்தது. தெரியவில்லை என்று உங்களிடம் பொய் சொன்னேன். பாவா, தப்பு உங்களுடையதல்ல” என்றேன். என் நாற்பத்திரண்டு வயதும், பட்டமும், தலைப்பாகையும் அந்தத் திண்ணையின் முன் எங்கே போயின என்று தெரியவில்லை.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வாப்பா கேட்டார்: “மிச்சப் பலகை இருக்கிறதா?”

இருந்தது.

“இன்று மதரஸா விட்டு நேரே வா.”

கோபித்திருந்தால் நான் ஆறுதலடைந்திருப்பேன். அவரோ அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. அடுத்த நாட்களில் பேசியதெல்லாம் மரத்தைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும்தான்.

முதலில் என் மட்டத்தின் திருகை இறுக்கச் சொன்னார். புதிதாகப் பன்னிரண்டு துண்டுகள் இழைத்தேன். நோன்பு நேரத்தில் மெல்லத்தான் நடந்தது. சேர்த்துப் பார்த்தபோது இம்முறையும் கடைசியில் மிக மெல்லிய ஒளி தெரிந்தது. எனக்குத் திக்கென்றது. உடனே சொல்லிவிட்டேன். வாப்பா சிரித்தார்.

“எனக்கும் தெரியும், என் வாப்பாவுக்கும் தெரிந்தது. இருபத்துநான்கு ஓரத்தையும் அப்பழுக்கில்லாமல் இழைக்க யாரால் முடியும்? அதற்கு ஒரு வழி இருக்கிறது.”

அந்த வழியைத்தான் நான் 1988-இல் கண்ணால் பார்த்தும் காணாமல் விட்டிருக்கிறேன். அன்று எனக்கு ஏழு வயது. பசை அப்போது வச்சிரம்; தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் வைத்த சிறு குவளையில் அது உருகும். அந்த வாடை பிடிக்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் குச்சியை முறுக்கியது மட்டும்தான் நினைவிருக்கிறது. வாப்பா வட்டத்தை ஒரே மூச்சில் ஒட்டியதில்லையாம். ஆறு துண்டு ஒரு பாதி, ஆறு துண்டு மறுபாதி. இரண்டு பாதிகளும் சந்திக்கும் இரண்டு இடங்களில் மட்டும் பசையில்லாமல் மெழுகுத்தாளை மடித்து வைத்துவிட்டு, முழு வட்டமாகவே கயிறு கட்டிக் காயவிட வேண்டும். காய்ந்தபின் அவிழ்த்தால் இரண்டு அரைவட்டங்கள் கையில் வரும். ஒரு தட்டைப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, அதன்மீது அரைவட்டத்தின் இரண்டு முனைகளையும் ஒருசேர வைத்துத் தேய்க்க வேண்டும். இருபத்துநான்கு ஓரங்களில் சேர்ந்த பிழை முழுவதும் அந்த நான்கு முனைகளில் தேய்ந்து போய்விடும். பிறகு பாதியோடு பாதியை வைத்தால் ஒளி நுழைய இடமிராது.

கட்டும் முறையும் நான் நினைத்ததுபோல் அன்று. துண்டுகளின் வெளிமுகம் மேலாக வரிசையாகப் படுக்கவைத்து, முதுகில் ஒட்டும் நாடாவை நெடுக ஒட்டி, அப்படியே திருப்பினால் துண்டுகளுக்கிடையே பள்ளங்கள் விரியும். பள்ளங்களில் பசையைத் தடவிவிட்டுப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டினால், மூச்சு வாங்க நேரமின்றித் துண்டுகளைத் தனித்தனியே நிறுத்தும் பாடு இல்லை. வாப்பா காலத்தில் நாடாவுக்குப் பதில் காடாத்துணிப் பட்டை. இறுக்குவதற்குக் கயிற்றோடு சைக்கிள் டியூபையும் பயன்படுத்தச் சொன்னார். டியூபை நீளவாக்கில் கிழித்து இழுத்து இழுத்துச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றோடு சேர்ந்து அழுத்தும். மரம் சிறிது நெகிழ்ந்தாலும் ரப்பர் விடாமல் பின்தொடரும்.

“வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா?” என்றார். பார்த்திருக்கிறேன். கொல்லர் பட்டாவைச் சுற்றிலும் நெருப்பு மூட்டிப் பழுக்கவைத்து, அது விரிந்த வேளையில் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். குளிர்ந்து சுருங்கும்போது ஒவ்வொரு மூட்டும் நெறுநெறுவென்று இறுகும். சுற்றிப் பிடிக்கும் பிடி எல்லா மூட்டுக்கும் ஒரே அளவாகப் போய்ச் சேரும். அதனால்தான் வட்டத்துக்குச் சுற்றுக் கட்டே கிளாம்பு.

“ஆனால் தம்பி, கட்டு என்பது சேர்ந்திருப்பதைக் காயும் வரை அசையாமல் பிடித்துவைக்கத்தான். சேராததைச் சேர்க்க அல்ல. நீ முறுக்கி மூடிய ஒட்டு, கயிறு அவிழ்ந்த நாளிலிருந்து திறந்துகொள்ளத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.”

அவர் கைப்பழக்கத்தில் சொன்னதைப் பின்னர் நான் தேடிப் படித்து உறுதிப்படுத்திக்கொண்டேன். வெள்ளைப் பசை இரண்டு முகங்களுக்கிடையே மெல்லிய படலமாக இருக்கும்போது மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும். பிளவை நிரப்பும் வேலைக்கு அது உதவாது. காயும்போது சுருங்கி உள்ளே பொள்ளலாகிவிடும். ஓயாமல் இழுக்கும் விசைக்கு அது மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும் குணமும் உடையது. சாதாரண வகை, நீர் பட்டாலும் சூடு பட்டாலும் இளகும். நான் செய்த வளையத்துக்கு ஈரத்தோல் ஒரு நாள், அடுப்புச் சூடு ஒரு நாள், வேறென்ன வேண்டும்?

அப்படியானால் நீரிலும் சூட்டிலும் இன்னும் எளிதாக இளகும் வச்சிரத்தை வைத்து ஒட்டிய வளையம் முப்பத்தைந்து ஆண்டு எப்படித் தாங்கியது? இதை வாப்பாவிடம் கேட்டேன். அவர் பழைய வளையத்தின் துண்டுகளை எடுத்துக் கையில் வட்டமாக அடுக்கிக் காட்டினார். தோல் காயும்போது வளையத்தை உள்நோக்கி இழுக்கும். முகத்தோடு முகம் சரியாகப் பொருந்திய வட்டத்தில் அந்த இழுப்பு ஒவ்வொரு துண்டையும் பக்கத்துத் துண்டோடு நெருக்கவே செய்யும். கிணற்று உறையைச் சுற்றியுள்ள மண் நெருக்குவதுபோல், பள்ளிவாசல் வாயில் வளைவின் கற்கள் ஒன்றையொன்று தாங்குவதுபோல். பசை கொஞ்சம் இளகினாலும் வட்டம் கலையாது. கல்லில் மோதிய அடிதான் அதைக் கலைத்தது.

ரமளான் ஏழாம் நாள் அஸருக்குப்பின் ஒட்டினோம். இம்முறை நீர் தாங்கும் வகைப் பசை வாங்கியிருந்தேன். பசையின்றி ஒருமுறை முழுதாகச் சுருட்டி, கட்டி, அவிழ்த்து ஒத்திகை பார்த்த பின்னரே வாப்பா பசைக் குப்பியைத் திறக்கவிட்டார். மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு. கயிற்றைப் பிடிக்கும் வலு வாப்பாவின் கையில் இல்லை. ஆனால் நான் முறுக்கி நிறுத்தியதும் தம் நடுங்கும் விரலால் மேற்கயிற்றைச் சுண்டினார். பிறகு கீழ்க்கயிற்றைச் சுண்டினார். இரண்டும் வெவ்வேறு குரலில் ஒலித்தன.

“கீழே இன்னும் அரைச்சுற்று.”

அரைச்சுற்று முறுக்கினேன். மீண்டும் சுண்டினார். இரண்டும் ஒரே குரலாயின. “போதும். இதற்குமேல் ஒரு சுற்றும் வேண்டாம்.”

ஒவ்வோர் ஒட்டிலும் பசை சிறு சிறு மணிகளாகக் கோத்ததுபோல் வெளியே வந்து நின்றது. நான் ஈரத்துணியை எடுத்தேன். அவர் தடுத்தார். ஈரத்தால் துடைத்தால் பசை கரைந்து மரத்துக்குள் பரவிக் கறையாகும். அரைமணி கழித்து அது ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளிநுனியால் வழித்தால் தானாக உரிந்து வரும் என்றார். அப்படியே வந்தது. உம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “நோன்பு திறக்க நேரமாச்சு. தகப்பனும் மகனும் பேரீச்சம்பழத்தையும் பசையில் தொட்டுச் சாப்பிடப் போகிறீர்களா?” என்றார்.

மறுநாள் அரைவட்ட முனைகளைத் தேய்த்தோம். இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டினோம். முழுதாக ஒரு நாள் அசைக்கவில்லை. தோல் ஏற்றுமுன் உள்ளும் புறமும் மெருகு பூசி உலர்த்தினோம். இதற்கிடையே பாவா தம் கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டே தெருவை எழுப்பிக்கொண்டிருந்தார். சஹருக்கு அந்தத் தடியின் ஓசை கேட்கும்போதெல்லாம் எனக்குப் படுக்கை கொள்ளாது. கைப்பேசி இருக்கையில் இவர் எதற்கு என்று முன்பு பலமுறை சொன்னவன் நான். ஒட்டு விட்டுப்போன அந்த வாரத்தில்தான், அவர் குரல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சற்று நின்று, அவ்வீட்டுப் பெரியவரின் பெயரைச் சொல்லிவிட்டுக் கடப்பதைக் கவனித்தேன்.

பதிமூன்றாம் நோன்புக்கான சஹரில் தாயிரா ஒலித்தது. வாப்பா எழுந்து உட்கார்ந்து கேட்டார். தெரு திரும்பும் வரை கேட்டார். “சோறு எடுத்து வையுங்கள்” என்றார்.

பெருநாள் தொழுகை முடிந்து பாவா வீட்டுக்கு வந்தபோது தாயிராவைத் தோளில் மாட்டியிருந்தார். ஸலாம் சொல்லி, முஸாபஹா செய்து உட்கார்ந்ததும் வாப்பா கைநீட்டி அதை வாங்கினார். தோல் பக்கத்தைக் கீழாகத் திருப்பி, கட்டைவிரலை வளையத்தின் உட்புறம் ஒட்டு ஒட்டாக நகர்த்தினார். உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

ஏழாவதற்கு விரல் வருமுன் நான் சொன்னேன்: “வாப்பா, அந்த இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு இருக்கிறது. ஒட்டும்போதே தெரியும்.”

“எனக்கும் தெரியும்” என்று சொல்லி, மீதி ஐந்தையும் எண்ணி முடித்துவிட்டுத் தாயிராவைப் பாவாவிடம் கொடுத்தார்.